பக்கத்து லயத்து ஆப்பிரிக்கா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் வெளிநாடு போகிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குவைத்திலோ சவூதியிலோ யாரோ ஒருவருடைய வீட்டைக் கூட்டிப் பெருக்கப் போகிறாள். இரண்டு வருடம் கழித்து ஒரு பெரிய டிவி, ஒரு பூப்போட்ட கம்பளிப் போர்வை, கொஞ்சம் அரபு வசவுகள் ஆகியவற்றோடு திரும்பி வருவாள். அதனால் என் அக்கா நாகலெட்சுமி ஆப்பிரிக்காவுக்குப் போகிறாள், அதுவும் சம்பளமே இல்லாமல் போகிறாள் என்ற செய்தி வந்தபோது தோட்டத்துக்கு அது செரிக்கவில்லை.

"சம்பளம் இல்லாம எவளாச்சும் பிளேன் ஏறுவாளா? மறைக்கிறா" என்றாள் அம்மாக்கண்ணு. லயத்தில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரை எட்டாத சுவர். அக்கா வீட்டில் யாராவது தும்மினால் தன் வீட்டிலிருந்தே அவள் "நூறு வயசு" என்பாள். அப்படிப்பட்டவளுக்கே தெரியாமல் அக்கா ஒரு சம்பளத்தை மறைக்க முடியும் என்று நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும்.

"மறைக்கல அக்கா. சேவை செய்யப் போறேன்" என்றாள் நாகலெட்சுமி.

"சேவைன்னா?"

"சும்மா வேலை செய்றது."

"அதைத்தானே இம்புட்டு வருசமா இங்கேயே செய்றோம்" என்றாள் அம்மாக்கண்ணு.

நான் லெட்சுமணன். றொசல்ல ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்குக்குக் கொண்டுவந்து விடுவது என் தொழில். அக்காவின் பயணத்தைப் பற்றி இன்றைக்குத் தோட்டத்தில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. எல்லாம் புளுகு. கூடவே இருந்து அவதிப்பட்டவன் நான் ஒருவன்தான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குப் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலையில் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. அக்காவும் முதலில் கூடை தூக்கி மலைக்குப் போனவள்தான். மடுவத்தில் இருந்த கிழவிக்குக் கண் தெரியாமல் போனதும் அக்காவை அங்கே போட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் நடக்கக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் அவள் விரலைப் பிடித்துத்தான் நடந்தார்கள். இன்று சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துக் கத்துகிற நிரோஷன், அவள் சேலையில் எத்தனை தடவை ஒன்றுக்குப் போனான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்தில் அவனைப் பார்த்துச் சும்மா சிரிப்பாள். அவன் பேச்சைச் சுருக்கிக்கொள்வான்.

மடுவத்தில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. புதிதாகக் குழந்தையைக் கொண்டுவந்து விடுகிற தாய், விட்டதும் போய்விட வேண்டும். குழந்தை கத்தும். ஊரே கேட்கும்படி கத்தும். தாய் திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பி வரவே கூடாது. ரோட்டு வளைவைத் தாண்டி அவள் தலை மறைந்த பிறகுதான் அக்கா குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுப்பாள். "அழுவுறத கேட்டு ஒரு தடவை திரும்பி வந்தீன்னா, ஒம் புள்ள அதுக்கப்புறம் எங்கயும் நிக்காது. நீயும் நிக்க மாட்ட. போடி!" என்று விரட்டுவாள். வளைவு வரைக்கும் போய், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்று அழுத பெண்களை நான் ஆட்டோவில் போகும்போது பார்த்திருக்கிறேன்.

இந்த மடுவத்தைப் பார்க்க ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இப்படி அடிக்கடி வருவார்கள். படம் எடுப்பார்கள், வடை சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். இந்தத் தடவை வந்தவர்கள் போன பிறகும் ஞாபகம் வைத்திருந்தார்கள். மலாவி என்ற நாட்டிலும் தேயிலைத் தோட்டம் இருக்கிறதாம். அங்கேயும் பெண்கள் கொழுந்து எடுக்கிறார்களாம், குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டே. அங்கே ஒரு பிள்ளை மடுவம் தொடங்க ஒரு வருடத்துக்குத் தொண்டராக வர முடியுமா, சாப்பாடும் தங்க இடமும் டிக்கெட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். அக்கா யோசிக்கவே இல்லை. "வாறேன்" என்றாள்.

எதற்காக என்று நானும் கேட்டேன். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மடுவத்துப் பாட்டில் வருகிற ஆட்டுக்குட்டியோடு முடிந்துவிடும். ஐம்பது வயதைத் தாண்டியாயிற்று, முழங்கால் வலி வேறு.

"நம்ம குடும்பத்துல கடல் தாண்டுனவங்களை எண்ணிப் பாரு" என்றாள். "பாட்டனை ஆள் புடிக்கிற கங்காணி இந்தியாவுலருந்து கூட்டியாந்தான். சித்தப்பாவை ஒப்பந்தம்னு சொல்லித் திருப்பி அங்க அனுப்புனாங்க. சின்னக்கா குவைத்துக்குப் போனது வவுத்துக்காக. ஆசைப்பட்டு ஒருத்தரும் போகல. நான் ஆசைப்பட்டுப் போறேன். அவ்வளவுதான்டா."

எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பெட்டி தூக்க என்னைத்தான் கூப்பிடுவாள்.

அவள் புருஷன் ஆண்டியப்பன் மாமா, "போயேன்" என்று உடனே சொல்லிவிட்டார். பெருந்தன்மை என்று எல்லோரும் பாராட்டினார்கள். பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விசா வராது என்று அவர் உறுதியாக நம்பினார். விசா வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் முகம் வேகாத சோறு மாதிரி இருந்தது.

மாமாவுக்கு வேலை ஸ்டோரில். ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கிற ஃபெக்டரி. லொறி லொறியாகத் தேயிலையைக் காய வைத்த மனிதர், தன் வாழ்நாளில் ஒரு கோப்பை தேத்தண்ணி தானாக ஊற்றிக் குடித்ததில்லை. சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார். மகன் தனுஷன் ஹட்டனில் ஒரு ஃபோன் கடையில் வேலை செய்கிறான். உடைந்த ஃபோனைப் பிரித்துச் சேர்த்துவிடுவான், ஆனால் வெங்காயத்தை எந்தப் பக்கத்திலிருந்து உரிப்பது என்று தெரியாது. இந்த இரண்டு பேரையும் நம்பித்தான் அக்கா ஒரு வருடம் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

பயிற்சி தொடங்கியது. முதல் நாள் ரொட்டி. தனுஷன் சுட்ட ரொட்டியை நாய் மோந்து பார்த்துவிட்டு, எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் பருப்பு. மாமா பருப்பைக் கழுவுகிறேன் என்று பாதியைத் தண்ணீரோடு சாக்கடைக் கானில் விட்டார். அக்கா பக்கத்தில் நிற்கும்வரை எதுவுமே உருப்படாது என்பது சீக்கிரம் தெரிந்துபோனது. உப்புப் போடுவதற்கு முன்பு இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டால் உப்பைப் போடாமலே நின்றார்கள்.

அப்போதுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. மடுவத்துக்குப் புதுப் பிள்ளையைப் பழக்குகிற மாதிரி இவர்களையும் பழக்க வேண்டும். தாய் கண்ணில் படக்கூடாது.

"ஒரு கெழமை, ஏழு நாளைக்கு, நான் தம்பி வூட்டுல இருக்கேன். நான் மலாவி போயிட்டேன்னு நெனச்சுக்கங்க. சமைங்க, தொவைங்க, பீலியில போயி தண்ணி புடிங்க. ராத்திரி ஒரு தடவை வாட்ஸ்அப்ல பேசுவேன். அவ்வளவுதான். எதுக்காகவும் என்னைத் தேடி வரப்படாது."

என் வீடு அடுத்த லயம். சரிவில் கொஞ்சம் மேலே. என் வீட்டுப் பின்பக்கத்தில் நின்றால் அக்கா வீட்டுக் கூரையும் அடுப்புப் புகையும் தெரியும். மாமா இருமினால் கேட்கும். ஆப்பிரிக்கா இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

இதோடு நின்றிருந்தால் வம்பே இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயணத்தைச் சாதாரணமாக அனுப்பிவைக்கத் தெரியாது, ஒத்திகைப் பயணமானாலும் சரி. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிடுவதாகத்தான் இருந்தாள். மாமாதான், "செய்றதுன்னா ஒழுங்காச் செய்யணும், இல்லாட்டி எனக்கு மனசுல ஏறாது" என்று பிடிவாதம் பிடித்தார். கோயிலுக்குச் சொல்லி அனுப்பினார். பூசாரி கந்தப்பன் அண்ணன் தட்டோடு வந்தார். வீட்டு வாசலில் சூடம் கொளுத்தி, அக்காவுக்குத் திருநீறு பூசி, தேங்காய் உடைத்தார். அக்கா வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னாள். சொன்ன இடத்திலெல்லாம் பிஸ்கட், தைலம், ஊறுகாய் என்று ஆளுக்கொன்றைக் கையில் திணித்தார்கள். அம்மாக்கண்ணு கட்டிப்பிடித்துக்கொண்டு வைத்த ஒப்பாரியில் கீழ்க்கணக்கிலிருந்து இரண்டு பேர் யார் செத்தது என்று கேட்டு வந்தார்கள். என் ஆட்டோவின் முன்சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார்கள். நசுக்கினேன். மேலே ஏறி என் வீட்டில் இறக்கினேன். ஆட்டோ இரண்டாம் கியருக்கு மாறுவதற்குள் ஆப்பிரிக்கா வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அக்கா கழுத்தைத் தடவினாள். கழுத்துக் கயிற்றில் தொங்குகிற கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டாள். எடுத்துவரலாம் என்று கீழே இறங்கினாள், நானும் போனேன். வாசலில் சூடத்தின் கரி இன்னும் இருந்தது. நிலையைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைக்கப் போனாள்.

"நில்லு!"

தட்டைக் கழுவிக்கொண்டிருந்த கந்தப்பன் அண்ணன் கத்தினார்.

"என்னாண்ணே?"

"சூடம் கொளுத்தி, தேங்கா ஒடச்சு, ஊரெல்லாம் பயணம் சொல்லி, பழம் நசுக்கிக் கெளம்புனவ, போன காரியம் முடியாம வூட்டுக்குள்ள கால வைக்கலாமா? வச்சா அந்தப் பயணம் போச்சு. அப்புறம் எந்தப் பிளேன்ல ஏறுனாலும் நல்லதில்ல."

"அண்ணே, இது ஒத்திகை."

"ஒத்திகைன்னு நீ சொன்ன. ஆத்தாகிட்ட யாரு சொன்னது?"

எல்லோரும் கோயில் இருக்கிற திசையைப் பார்த்தோம். உண்மைதான், மாரியம்மனிடம் இது ஒத்திகை என்று ஒருவரும் சொல்லவில்லை. தேங்காய் நிஜத் தேங்காய், சூடமும் நிஜம். அக்காவுக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. "ஆனா எதுக்கு வம்பு" என்று அவளும் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். மாமாவோ பேய் அறைந்தவர் மாதிரி நின்றார். இதையெல்லாம் ஏற்பாடு செய்தவர் அவர்தான்.

"அப்ப எங்க வூட்டுல மட்டும் இருக்கலாமா?" என்று நான் கேட்டேன். இருக்கக்கூடாது என்று சொல்வார் என்ற நப்பாசை.

கந்தப்பன் அண்ணன் யோசித்தார். "அது வழியில தங்குற எடம். அதுக்குத் தோசமில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தட்டில் விழுந்த சில்லறையோடு போனார். தனுஷன் கண்ணாடியை வெளியே கொண்டுவந்து கொடுத்தான். ஒரு கிழமைக்கு என்று வந்த அக்கா, நிஜமாகவே பிளேன் ஏறும்வரை, அதாவது அந்த மாதக் கடைசி வரைக்கும், என் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று.

ஆப்பிரிக்காவில் அவள் சும்மா இருக்கவில்லை. என் அலுமாரியை அடுக்கினாள். என் பியர் போத்தல்களைக் கண்டுபிடித்தாள். என் மனைவி நிஷாந்தி அவளோடு கூட்டுச் சேர்ந்துகொண்டாள். "அண்ணி இருக்கிறப்ப வூடு எவ்வளவு நல்லாயிருக்கு பாருங்க" என்றாள். மலைக்குப் போகிற பெண்கள் என் வாசலைத் தாண்டும்போது, "அக்கா, ஆப்பிரிக்காவுல குளிரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். "சிங்கம் பாத்தீங்களா?" என்பார்கள். அக்கா என்னைக் காட்டி, "ஒண்ணு இருக்கு, கொறட்டை விடுது" என்பாள்.

ராத்திரியானால் வாட்ஸ்அப். மாமா ஃபோனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு அப்பால் கேட்க வேண்டுமென்று கத்துவார். அவருடைய குரல் முதலில் சரிவில் ஏறி ஜன்னல் வழியாக வரும், பிறகு ஃபோன் வழியாக வரும். எல்லாவற்றையும் நாங்கள் இரண்டு தடவை கேட்டோம். இன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. இன்றைக்குக் குழையவில்லை. இன்றைக்குச் சம்பலில் உறைப்பு சரியாக இருந்தது. ஒரு நாள் அவர் தானே ஊற்றிய தேத்தண்ணியைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். நிறம் என்னவோ கானில் ஓடுகிற தண்ணீர் நிறம். அக்கா "ஐயோ, நல்லாயிருக்கே" என்றாள். ஃபோனை வைத்த பிறகு பின்பக்கம் போய் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவளுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். வீடு கண்ணெதிரில்தான் இருந்தது.

மாதம் முடியப் போகிற சமயம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் ஃபோன் வந்தபோது மாமாவின் மூக்கு மட்டும் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் பிடித்திருந்தார். குரலும் வழக்கம்போல இல்லை, மெதுவாக வந்தது. ஜன்னல் வழியாக வரவே இல்லை.

அக்கா பேசிக்கொண்டே கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"கையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க."

மாமா இடது கையைக் காட்டினார்.

"மத்தக் கையி."

ஃபோன் ஒரு தடவை ஆடியது. மறுபடியும் இடது கை வந்தது.

மடுவத்தில் பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட்டைத் திருடி வைத்திருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் செய்கிற வேலை இது. அக்கா முப்பது வருடமாகப் பார்த்து வருகிற வித்தையை மாமா அவளிடமே காட்டினார். அவள் ஃபோனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் மழையில் இறங்கி ஓடினாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நான் குடையை விரித்துக்கொண்டு பின்னால் போவதற்குள் அவள் பாதிச் சரிவில் இருந்தாள்.

நடந்தது இதுதான். இரண்டு நாளைக்கு முன்பு மாமா சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போயிருக்கிறார். பாசி படிந்த கல்லில் கால் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தனுஷன் அவரை ஹட்டனுக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிவந்திருக்கிறான். என் ஆட்டோவில் அல்ல, கீழ்க்கணக்கு ஆட்டோவில். எனக்குத் தெரிந்தால் அக்காவுக்குத் தெரியுமாம். லயத்தில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று மாமா கேட்டுக்கொண்டாராம். அம்மாக்கண்ணுகூட, ஆமாம், அம்மாக்கண்ணுகூட இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கள் தோட்டம் உண்டான காலம் தொட்டு இப்படி ஒன்று நடந்ததில்லை.

அக்கா போய் நின்றபோது கதவு திறந்திருந்தது. மாமா உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார். கழுத்திலிருந்து ஒரு துணி, அதில் வெள்ளைக் கட்டோடு கை. சட்டை ஒரு தோளில்தான் இருந்தது.

"நான் போகல" என்றாள் அக்கா. "மலாவியும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஒத்தக் கைய வச்சுக்கிட்டு என்னா செய்வீங்க? நகருங்க, உள்ள வாறேன்."

காலைத் தூக்கினாள். மாமா அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. இடது கையால் கதவைத் தள்ளி அவள் மூஞ்சிக்கு நேராகச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

"கதவத் தொறங்க!"

"யாரு?"

"யாரா? நாந்தான்!"

"எம் பொஞ்சாதி ஆப்பிரிக்காவுல இருக்கா. வேற பொம்பளைய நான் வூட்டுக்குள்ள விடுறதில்ல."

நான் சிரித்துவிட்டேன். லயத்தில் எல்லாக் கதவும் திறந்து, எல்லாத் தலையும் எட்டிப் பார்த்தன. வேறு யாரும் சிரிக்கவில்லை. கந்தப்பன் அண்ணன் இருந்தார், அவரும் வாயைத் திறக்கவில்லை. ஆத்தாவின் சட்டமெல்லாம் அப்போது அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. அவள் இந்தக் கதவைத் தாண்டினால் பிறகு எந்தக் காலத்திலும் போகமாட்டாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

அக்கா கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "கல்லுமனுசா, தொற!" என்று புருஷனை முதல் தடவையாக மரியாதை இல்லாமல் கூப்பிட்டாள்.

பிறகு கதவுக்கு மிகக் கிட்டத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"லெச்சுமி. அழுவுறத கேட்டுத் தாய் திரும்பி வந்தா என்னா ஆவும்?"

கதவை அடித்த அக்காவின் கை நின்றது.

"நீதானே சொல்லுவ. இத்தன வருசமா இந்தத் தோட்டத்துப் பொம்பளைங்கள எல்லாம் வெரட்டுனது நீதானே. நான் அழுதா அழுதுட்டுப் போறேன். கை ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போவுது, ஒட்டிக்கிரும். என் கையச் சாக்கா வச்சு நீ நின்னுட்டன்னா, சாவுற வரைக்கும் இந்தக் கையப் பாத்துக்கிட்டே இருப்ப. என்னால அதத் தாங்க முடியாது புள்ள. நீ வளைவத் தாண்டு."

அக்கா அப்படியே இஸ்தோப்பில், வாசலுக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்ன இடத்தில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணும் அழுதாள், இந்தத் தடவை சத்தமில்லாமல். எனக்கும் அழுகை வந்தது. மழையில் நின்றதால் பெரிய பிரச்சினை இல்லை. மாமாவுக்குச் சீனிப் போத்தல் தெரியாது என்று இத்தனை நாளும் கேலி பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நான் இருந்திருந்தால் திறந்திருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

வெகுநேரம் கழித்து அக்கா மூக்கைச் சிந்தினாள். எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"சட்டைய யாரு மாட்டிவிட்டது?"

"தனுஷன்."

"மொதல்ல நோவுற கைய நொழைக்கணும், அப்புறம்தான் நல்ல கைய. கழட்டறப்ப நல்ல கை மொதல்ல. அவன்கிட்டச் சொல்லுங்க."

"சரி."

"கட்டுல தண்ணி படக்கூடாது."

"சரி."

"போறேன்."

"போயிட்டு வாறேன்னு சொல்லு" என்றார் மாமா உள்ளேயிருந்து. அக்கா சொன்னாள்.

கடைசியில் அவள் நிஜமாகவே கிளம்பிய அன்று அனுப்பிவைக்க ஒரு ஈ காக்கை இல்லை. ஏற்கனவே போனவளை எப்படி மறுபடி அனுப்புவது? சூடம் இல்லை, தேங்காய் இல்லை. "ரெண்டு தடவை செஞ்சா ஆத்தா கோவிச்சுக்குவா" என்று கந்தப்பன் அண்ணன் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் வேனைப் பார்த்துக் கை காட்டினார்கள். அம்மாக்கண்ணு கூடையோடு நின்று, "அங்க சம்பளம் குடுத்தா வாங்கிக்கடி, வேணாம்னுராத" என்று கத்தினாள்.

வேனில் அக்கா, மாமா, தனுஷன், நான். கொழும்பு ரோட்டில் மாமா நன்றாகத்தான் இருந்தார். கிதுல்கலையில் இறங்கித் தேத்தண்ணி குடித்தபோது, "சாயம் பத்தல" என்று குறைகூடச் சொன்னார். தேத்தண்ணி ஊற்றக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவருக்கு உலகத்தில் யார் ஊற்றினாலும் பிடிப்பதில்லை.

கட்டுநாயக்காவில் வெளியாட்கள் அதற்கு மேல் போகக்கூடாத கதவுக்கு முன்னால் நின்றோம். தனுஷன் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மாமா கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார், ஒட்டிக்கொண்டு வருகிறது என்று. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கைப்பையிலிருந்து எதையோ எடுத்து என் சட்டைப் பையில் திணித்தாள்.

"என்னாக்கா?"

"வச்சுக்க. இப்ப எடுக்காத."

பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். காவல்காரருக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டினாள். கதவு திறந்தது.

அதுவரைக்கும் நன்றாக இருந்த மாமா அப்போது ஆரம்பித்தார். சும்மா கண் கலங்குவது அல்ல. ஊரைக் கூட்டுகிற அழுகை. வாயைத் திறந்து, தோள் குலுங்க, "லெச்சுமீ" என்று. பயணப் பெட்டிகளோடு நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். காவல்காரர் ஓடிவந்து, யாராவது செத்துவிட்டார்களா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, சேவை செய்யப் போகிறார் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அக்காவுக்குக் கேட்டது. கேட்காமல் இருக்க வழியே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் முதுகு ஒரு நொடி நின்றது. பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக நடந்து, பெட்டிகளைப் பரிசோதிக்கிற மெஷின் பக்கம் திரும்பி மறைந்துபோனாள்.

அவள் தலை மறைந்த பிறகுதான் என் சட்டைப் பை ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு சின்னப் பிஸ்கட் பக்கெட்.

பிரித்து ஒன்றை எடுத்து மாமாவின் நல்ல கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விக்கிக்கொண்டே ஒரு கடி கடித்தார்.

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டது.